வீடு பார்க்க வரும் பெண்

செங்கற்பட்டு ஜில்லா என்று ஒரே பெயரில் நெடுங்காலம் வழங்கி, இப்போது திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பிரிந்து நிற்கும் இந்த ஏரி நாட்டில், பறவைகளைப் பற்றிய பேச்சை யார் எடுத்தாலும் கேட்பவருடைய மனம் உடனே வேடந்தாங்கலுக்குப் போய்விடுகிறது. அதில் வியப்பில்லை. தங்கள் ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளை எவரும் சுடலாகாது என்று அவ்வூரார் செய்த முறையீட்டை ஏற்று, 1798இல் அவர்களுடைய உரிமையை எழுத்து மூலம் அங்கீகரித்தவர் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர். ஆயினும் நாரையும் கூழைக்கடாவும் பார்வைக்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தபோதிலும், அவற்றைக் காண நாம் பஸ் ஏறிப் போகவேண்டும். இந்த அத்தியாயத்துக்கு உரிய பறவையோ காஞ்சிபுரத்தை விட்டு எந்தத் திசையில் நடந்தாலும் முதல் ஏரிக்கரையிலேயே எதிர்ப்படுவது. சிட்டுக்குருவி அளவே உள்ளது. தூக்கணாங்குருவி என்று குழந்தைகளும் அறிந்தது.

பறவை நூலார் 'பாடும் பறவைகள்' என்று வகுத்திருக்கும் பெருங்கூட்டத்தில் சுமார் 5,000 இனங்கள் அடங்கும். உலகத்துப் பறவை இனங்களில் இது ஏறத்தாழப் பாதி. இந்த வகுப்பு நம்முடைய காதின் ருசியைக் கொண்டு ஏற்பட்டதன்று. மூச்சுக்குழல் இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் அமைந்த குரல் உறுப்பும், அதை இயக்கும் நுண்ணிய தசைகளின் அமைப்புமே இதற்கு ஆதாரம். ஆகவே காக்கையும் சாஸ்திரப்படி பாடும் பறவைதான் என்றால், சங்கீத ரசிகர்கள் மன்னிக்கவேண்டும். விடியற்காலையில் கோயில் நந்தவனங்களில் குண்டுக்கரிச்சான் பாடும் பாட்டின் முன்னே தூக்கணாங்குருவியின் வித்தை மிகச் சாமானியமானது: 'சிட் சிட்' என்று சில முறை சொல்லி, பிறகு மூச்சிரைப்பது போல 'சீ...' என்று ஒரு நீண்ட இழுப்பு. அதையும் தனித்துப் பாடாமல் ஆண்கள் அத்தனையும் கும்பலாகவே பாடுகின்றன. பாட்டில் இவ்வளவு எளிய பறவையை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், நம் தேசத்தில் வேறெந்தப் பாடும் பறவையின் குடும்ப விருத்தாந்தமும் இவ்வளவு நீண்ட காலம், இத்தனை பேரால், இவ்வளவு சிரத்தையுடன் ஆராயப்படவில்லை என்பதும், அந்த ஆராய்ச்சி போன வழியே ஒரு கதையாக இருப்பதுமாகும்.

நீண்டு உயர்ந்த பனைமரத்தில் இது கட்டும் கூட்டைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் தொண்டை நாட்டில் அந்தச் சம்பந்தம் விட்டுப்போகவில்லை. பாலாற்றங்கரையிலும், தென்னேரி முதலிய பெரிய ஏரிகளின் கரைகளிலும் வரிசையாய் நிற்கும் பனைகளின் ஓலை நுனிகளில், ஆடி ஆவணி மாதங்களில் பச்சைக் குடுவைகளாகத் தொங்குபவை இவைதாம். மழையில் நனைந்து நடுங்கிய குரங்குக்குப் புத்தி சொல்லப்போய்க் கூட்டையும் இழந்த குருவியின் கதையைச் சிறு வயதில் கேளாதவர் நம்மில் இரார். அந்தக் கதையை உண்டாக்கியவர் குருவியின் குணத்தைப் பற்றிச் சொன்னது எப்படியாயினும், அதன் இல்லறத்தைப் பற்றி விசாரித்திருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. ஏனெனில் அடைகாக்கும் அறைக்குள் சௌகரியமாக அமர்ந்து உபதேசம் செய்யக்கூடிய நிலையில் இருப்பது பெண் குருவி, அந்த வீட்டைக் கட்டுகிறதோ ஆண் குருவி. கட்டுகிறவன் ஒருவன், குடியிருப்பவள் ஒருத்தி என்ற இந்த ஏற்பாட்டின் உட்பொருளை மனிதர் அறிந்துகொள்ள இருபதாம் நூற்றாண்டு வரை செல்லவேண்டியிருந்தது.

முதலில் கட்டுமானத்தைப் பார்ப்போம். நெற்பயிரின் தாளிலோ நாணலிலோ குருவி வந்து பற்றிக்கொள்கிறது. தாளின் ஓரத்தை அலகால் கடித்து ஒரு வெட்டு உண்டாக்குகிறது. வெட்டிய நுனியை இறுகக் கவ்விக்கொண்டு பறக்கிறது. பறக்கும் வேகத்திலேயே இலை நீளவாக்கில் கிழிந்து, 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள ஒரு நார் அதன் அலகில் நாடாப்போல் நெளிந்து வருகிறது. பனை, தென்னை, ஈச்சை ஓலைகளிலும் இவ்வாறே கிழித்தெடுக்கும். ஒரு கூட்டை முடிப்பதற்கு ஓர் ஆண் குருவி இப்படி 500 தடவை வரை போய்வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை சுமார் 18 நாள் பிடிக்கிறது.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவனுக்குப் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அந்த ஒப்புமை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைப் பார்ப்பதே பயனுள்ளது. குழித்தறியில் பாவு முதலிலேயே இழுத்துக் கட்டப்பட்டுவிடுகிறது. சேலையின் அகலம் எவ்வளவு, இழை எத்தனை என்பதெல்லாம் ஊடை ஓடத் தொடங்குமுன்பே தீர்மானமாகிவிட்ட விஷயங்கள். குருவிக்குப் பாவு என்று ஒன்று கிடையாது. ஓலை நுனியில் நாரைச் சுற்றிச் சுற்றி முடிந்து ஒரு கொத்தாக்கி, அதிலிருந்து கீழ்நோக்கி இரண்டு கால்களை வளர்த்து, அவற்றை இணைத்து ஒரு வளையம் செய்கிறது. அந்த வளையத்தில் நின்றுகொண்டு, நாரின் நுனியை ஓர் இடைவெளியில் செருகி, மறுபுறம் தலை நீட்டி அதே நுனியைப் பிடித்திழுத்து, திருப்பி வேறோர் இடைவெளியில் செருகுகிறது. நின்ற நிலையிலிருந்து அலகு எட்டும் தூரமே சுவரின் வளைவாகிறது. ஆகையால் தறியும் அளவுகோலும் இங்கே பறவையின் உடம்புதான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரு தொழிலும் நெருங்கி வருகின்றன. உடலையும் கரையையும் வெவ்வேறு நாடா கொண்டு நெய்து, இரண்டும் சேரும் வரிசையில் இழையோடு இழை பின்னிக் கோர்வை போடுவதில்தான் காஞ்சிச் சேலையின் உறுதி இருக்கிறது. அதுபோலவே கூட்டிலும் முட்டை அறைக்கும் வாயில் வழிக்கும் நடுவே நிற்கும் அந்தப் பழைய வளையத்தின் அடிக்கட்டைதான் எல்லாவற்றிலும் தடித்தது. மற்ற பாகங்கள் கிழிந்த பின்னும் அது எஞ்சியிருக்கும்.

வளையம் வளர்ந்து, மேலே கவிந்து, கீழே திறந்து, தலைச்சீரா கவிழ்த்தாற்போன்ற உருவத்தை அடைவதற்குச் சுமார் எட்டு நாள் ஆகிறது. இந்தக் கட்டத்தில் வேலை நின்றுவிடுகிறது. கூட்டங்கூட்டமாகக் குருவிகள் வசிக்கும் எந்தப் பனையைப் பார்த்தாலும் முழுமையான கூடுகளுக்கு நடுவே இப்படிப் பாதியில் நிற்பவை பல தொங்குவதைக் காணலாம். இவை எதற்காக?

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், சென்னை ராஜதானியில் வைத்திய உத்தியோகத்தில் இருந்து, 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட டி. சி. ஜெர்டன், இக்கேள்விக்கு அந்நாளில் வழங்கிய பதில்களைத் தொகுத்து வைத்திருக்கிறார். பெண் அடைகாத்துக்கொண்டிருக்கும்போது ஆண் குருவி உல்லாசமாக உட்கார்ந்து பாடுவதற்காகத் தனக்கென்று கட்டிக்கொள்ளும் ஊஞ்சல் அது என்பதே பொதுஜன அபிப்பிராயம். கேட்பதற்கு இனிமையான விளக்கம். குறை என்னவென்றால், யாரும் உட்கார்ந்து பார்த்துச் சொன்னதாக அது இல்லை. கூட்டினுள்ளே அப்பியிருக்கும் களிமண்ணைப் பற்றியும் இதேபோல் கதைகள் இருந்தன. மின்மினியைப் பிடித்து வந்து அந்த ஈர மண்ணில் பதித்துக் குருவி விளக்கேற்றிக்கொள்கிறது என்பது ஊரார் சொல். இலங்கையில் இருந்த லேயர்டு என்பவர் அலகு தீட்டுவதற்காக என்றார். ஜெர்டன் மட்டும் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு கூட்டில் ஆறு இடங்களில் சுமார் மூன்று அவுன்ஸ் மண் இருந்தது. காற்றில் கூடு அலைக்கழியாதபடி நிறுத்தும் பாரமாக அது உதவலாம் என்று அனுமானித்தார். மண் விஷயத்தில் இவ்வளவு நிதானமாக யோசித்த மனிதர் ஊஞ்சல் விஷயத்தில் ஊரார் பேச்சைத் தாண்டிச் செல்லாதது, பொருளை ஆராய்வதும் நடத்தையை ஆராய்வதும் ஒன்றல்ல என்பதற்கு நல்ல உதாரணம். மண்ணை நிறுத்துப் பார்க்கலாம். நடத்தையை அறியவேண்டுமானால் வெயிலிலும் மழையிலும் மரத்தடியில் காத்திருக்கவேண்டும்.

அப்படிக் காத்திருக்க ஒருவருக்கு அவகாசம் கிடைத்தது 1930இல். அவருக்கு அந்த அவகாசத்தை அளித்தது வேலையின்மை. பம்பாய் அரும்பொருட்சாலையின் இயற்கைப் பிரிவில் வழிகாட்டிப் பேச்சாளராக இருந்த சலீம் அலி, விடுப்பில் ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் பயின்று திரும்பியபோது, பணமில்லை என்ற காரணத்தால் அவருடைய பதவியே இல்லாமற்போயிருந்தது. மனைவி தெஹ்மினாவுடன், பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோர கிராமத்து வீட்டில் போய்த் தங்கினார். வீட்டுக்கு அருகிலேயே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஏணி ஒன்றைச் சாத்தி, உச்சியில் மறைவு கட்டி, அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்த மழைக்காலம் முழுவதும் எந்தக் கூட்டில் எந்த நாளில் என்ன நடந்தது என்பதை எழுதிவந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் 1931இல் வெளியான அவருடைய கட்டுரை, தலைப்பிலேயே இக்குருவிகளின் இல்லற உறவுக்குப் புதிய விளக்கம் தருவதாகச் சொல்லிக்கொண்டது; சொன்னபடியே செய்தது.

சலீம் அலி கண்டதைப் பின்வந்தவர்களின் நோக்கல்களோடு சேர்த்து இங்கே சொல்கிறேன். ஆண்கள் பாதிக்கூடுகளைக் கட்டி நிறுத்திய சமயத்தில் ஒருநாள் பெண்கள் கூட்டமாக வருகின்றன. வந்தவுடன் மரத்தில் ஒரு பெரிய ஆரவாரம் எழும்புகிறது. ஒவ்வோர் ஆணும் தன் கூட்டின் அடியில் தலைகீழாகத் தொங்கி, சிறகுகளை விரித்து அடித்து, அந்த இழுப்புப் பாட்டை ஓயாமல் பாடுகிறது. பெண் ஒன்று ஒரு கூட்டில் இறங்குகிறது. ஆரவாரத்தைப் பொருட்படுத்தியதாகத் தோன்றவில்லை. உள்ளே நுழைந்து வளையத்தின் அடிக்கட்டையில் உட்காருகிறது; சுவரில் இங்கும் அங்கும் நாரைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறது; வெளியே வருகிறது; அடுத்த கூட்டுக்குப் போய்விடுகிறது. சில கூடுகளுக்கு மறுபடி திரும்பி வருகிறது. இப்படிப் பல வீடுகளைப் பார்த்து முடித்து ஒன்றில் நிலைத்துவிட்டால், அப்போதே அந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் உறவு ஏற்படுகிறது. ஆண் உற்சாகமாக மிச்ச வேலையை ஆரம்பித்து, முட்டை அறையை மூடி, நீண்ட குழல்வாயிலைத் தொங்கவிட்டுக் கூட்டை முடிக்கிறது. உள்வேலைகளைப் பெண் கவனித்துக்கொண்டு, இரண்டு முதல் நான்கு வரை வெள்ளை முட்டைகள் இடுகிறது. முட்டை பொரிய 14 முதல் 17 நாள், குஞ்சு பறக்க ஏறத்தாழ இன்னும் 17 நாள். இந்தக் காலமெல்லாம் அடைகாக்கும் பாரம் பெண்ணுடையது. குஞ்சுக்கு இரை கொடுப்பதில் ஆண் எப்போதாவது கை கொடுக்கும். அது இதற்குள் பக்கத்து ஓலையில் அடுத்த வீட்டுக்கு வளையம் போடத் தொடங்கியிருக்கும்; அந்த வீட்டையும் ஒருத்தி ஏற்றால் அவளும் அதன் மனைவி.

ஒன்றன்பின் ஒன்றாகப் பல மனைவியர் என்று சலீம் அலி இதற்குப் பெயர் சூட்டினார். பெயரைக் காட்டிலும் முக்கியமானது அதனால் அவிழ்ந்த புதிர். பாதியில் நிற்கும் கூடுகள் ஊஞ்சல்கள் அல்ல. எந்தப் பெண்ணும் ஏற்காத வீடுகள். குழல்வாயில் வரை கட்டி முடித்தபின் நிராகரிக்கப்பட்டால் வீணாகும் உழைப்பு எவ்வளவோ. ஆகவே பாதியோடு நிறுத்திச் சம்மதத்துக்குக் காத்திருக்கும் சம்பிரதாயம் இந்தப் பறவையில் வேரூன்றியிருக்கிறது. நம் ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் ஆண் வீட்டார். இங்கே வீடு பார்க்க வருவது பெண், அதுவும் துணையின்றித் தானே தீர்மானித்துக்கொள்ளும் பெண்.

ஆணின் மஞ்சள் உடுப்பைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்வோம். மழைக்காலத்துக்கு வெளியே ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே மாதிரி மங்கலான பழுப்பு. இனப்பெருக்க காலத்தில் மட்டும் ஆணுக்குத் தலையும் மார்பும் பொன்னிறமாகின்றன. இந்நிறம் விரைகளில் சுரக்கும் ரசத்தால் உண்டாவதென்றே எவரும் நினைப்பார்கள். காசி இந்து சர்வகலாசாலையில் ஜே. பி. தப்லியாலும் அவருடன் உழைத்தவர்களும் 1960களின் தொடக்கத்தில் செய்த பரீட்சைகளில், விரை நீக்கப்பட்ட குருவிக்கும் மஞ்சள் இறகு முளைத்தது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியே இதற்கு நேர்க் காரணம் என்று தெரிந்தது. பொன்னிறம் பருவத்துக்கு அறிகுறி என்பது சரி. பெண்ணின் தீர்ப்பில் அதற்கு எவ்வளவு செல்வாக்கு என்பது வேறு கேள்வி.

சலீம் அலி இந்தப் பறவையை விடவில்லை. 1950களில் தம் மாணாக்கர் வி. சி. அம்பேத்கரோடு சேர்ந்து திரும்பவும் அதனிடம் வந்தார். இந்திய நெசவுக்குருவிகளின் இனப்பெருக்கத்தைப் பற்றிய அம்பேத்கருடைய நூலைப் பம்பாய் சர்வகலாசாலை 1964இல் வெளியிட்டது. அதே காலத்தில் ஜான் குரூக் என்ற ஆங்கிலேயர் இந்தியாவுக்கு வந்து தூக்கணாங்குருவியை ஆராய்ந்தார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ள நெசவுக்குருவி இனங்கள் ஏறத்தாழ தொண்ணூற்றை ஒருங்கே ஒப்பிட்டு 1964இல் அவர் வெளியிட்ட முடிவு, பறவை நூலின் எல்லையைத் தாண்டிப் பேர்பெற்றது. அடர்ந்த காட்டில் பூச்சி தின்று வாழும் இனங்களில் ஆணும் பெண்ணும் ஜோடியாகத் தனித்து வாழ்ந்து, குஞ்சுகளை இருவருமாக வளர்க்கின்றன. கூட்டை மறைவிடத்தில் கட்டுகின்றன. புல்வெளியில் தானியம் தின்னும் இனங்களோ கூட்டங்கூட்டமாக, பல தாரத்தோடு, எவர் கண்ணுக்கும் தெரியும்படி கட்டுகின்றன. பூச்சி சிதறிக் கிடக்கிறது, தேடுவதற்கு இருவர் வேண்டும். தானியம் ஓரிடத்தில் குவிந்து விளைகிறது, தாய் ஒருத்தியே குஞ்சைக் காப்பாற்றிவிட முடியும். காஞ்சிபுரத்து ஏரிக்குக் கீழே விளையும் நெற்கதிருக்கும் பனை உச்சியில் நடக்கும் பலதார மணத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரானது. தூக்கணாங்குருவியை ஒழுக்கமற்ற பறவை என்று எண்ண நமக்கு உரிமையில்லை. அதன் இல்லறம் அதன் ஆகாரத்தைப் பின்பற்றி அமைந்தது.

பருவம் முடிந்து வாடைக்காற்று வீசும் நாட்களில், ஏரிக்கரையில் பனை அடியில் உதிர்ந்து கிடக்கும் கூடுகளில் ஒன்றை எடுத்துக் கிழித்துப் பார்க்கலாம். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பச்சை போய் வைக்கோல் நிறமாகியிருக்கும். வெளிச்சுவரின் நார் முரடாகவும், முட்டை அறையை நெருங்க நெருங்க மெல்லியதாகவும் இருப்பதை விரல் உணரும். கிழிப்பது எளிதன்று, ஒரு நாரைப் பிடித்து இழுத்தால் பத்து நார் சேர்ந்து இறுகும். அறைச் சுவரின் உட்புறத்தில், வளையத்தை ஒட்டி, காய்ந்த மண் தட்டுத் தட்டாக அப்பியிருக்கும். அதில் அலகு அழுந்திய தடம்கூடத் தெரியலாம். கையில் வைத்தால் கூட்டின் பாரத்தில் கணிசமான பங்கு அந்த மண்ணுடையதாகவே தோன்றும்.

ஜெர்டன் விட்ட இடத்திலிருந்து இந்த மண்ணை எடுத்துக்கொண்டவர் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணிபுரிந்த டி. ஏ. டேவிஸ். தென்னையையும் பனையையும் ஆராயும் தாவர நூலாராகிய அவர் அந்த மரங்களில் குடியிருந்த பறவையிடம் ஈடுபட்டது இயல்பே. 1957இல் இங்கிலாந்தைத் துறந்து அக்கழகத்துக்கு வந்து சேர்ந்த ஜே. பி. எஸ். ஹால்டேன், விலையுயர்ந்த உபகரணங்கள் இல்லாமலே, கண்ணையும் எண்ணிக்கையையும் கொண்டு இந்தியாவில் உயர்ந்த உயிர்நூல் ஆராய்ச்சி செய்யமுடியும் என்று வற்புறுத்தியவர். அந்தக் கொள்கை டேவிஸின் வேலையில் நன்றாகத் தெரிகிறது. குருவிகள் எந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன, கூட்டுக்கு எத்தனை தடவை வந்துபோகின்றன என்பதை ஒரு கட்டுரையிலும், மண்ணும் சாணமும் பூசும் வழக்கத்தை 1973இல் இன்னொரு கட்டுரையிலும் எழுதினார். காற்றில் ஆடாதிருக்கப் பாரம் என்ற ஜெர்டனின் கருத்துக்கு ஆதரவாளர் இன்றும் உண்டு. எனக்கென்னவோ ஒரே காரணத்தைத் தேடுவதே இங்கே பிசகாகப் படுகிறது; பெண் சம்மதிப்பதற்கு முன்பே, பாதிக்கூட்டிலேயே ஆண் மண்ணைக் கொண்டுவந்து பூசத் தொடங்குவதைப் பார்த்தால், வந்து பார்க்கிறவளுடைய மனத்துக்கும் அதில் ஏதோ சம்பந்தம் இருக்கலாம்.

இந்தத் தொழிலைக் குருவி பிறவியிலேயே கொண்டுவருகிறதா, கற்றுக்கொள்கிறதா? இதைப் பரீட்சித்தவர்கள் கலிபோர்னியாவில் நிக்கோலஸ் காலியாஸ், எல்சி காலியாஸ் என்ற தம்பதிகள். அவர்கள் வளர்த்தது நம் குருவியின் ஆப்பிரிக்க உறவு. இளம் ஆண்களில் சிலவற்றுக்குக் குஞ்சுப் பருவம் முதல் நாரோ புல்லோ கிடைக்காமல் செய்து, வளர்ந்தபின் முதல்முறையாகப் பச்சைத் தாளைக் கொடுத்தார்கள். எடுக்கவேண்டும், செருகவேண்டும் என்ற ஆவல் அவற்றுக்கு இருந்தது, கை கூடவில்லை. செருகிய நார் நழுவி விழுந்தது. நாரைக் கிழிப்பதே பெரும்பாடாயிற்று. சிறுவயது முதல் நாரோடு விளையாடிப் பழகியவை அவற்றை வெகுதூரம் முந்திவிட்டன. பிற்காலத்தில், 2011இல், பாட்ரிக் வால்ஷ், சூ ஹீலி முதலியோர் போட்ஸ்வானாவில் படம் பிடித்து ஆராய்ந்த வேறோர் ஆப்பிரிக்க இனத்தில், ஒரே பறவை கட்டும் கூடுகள்கூட ஒன்றுபோல் இராமல் வேறுபட்டன. அனுபவம் ஏற ஏறக் கீழே நழுவவிடும் புல் குறைந்தது. ஆகவே பிறவிக்குணம் தருவது ஆவலும் கட்டுமான வரிசையும். இறுக்கமும் நேர்த்தியும் பழக்கத்தால் வருபவை. காலியாஸ் தம்பதிகள் இன்னொன்றையும் கவனித்தார்கள்: பெண்கள் பசுமை மாறாத புதுக்கூட்டையே விரும்பின, வாடிப் பழுத்த கூட்டை ஆணே பிய்த்தெறிந்துவிட்டு அதே இடத்தில் மறுபடி கட்டியது. கட்டுகிறவன் கையில் சாமர்த்தியம் இருந்தும், எஜமானத்துவம் வேறிடத்தில் இருப்பதை இது காட்டுகிறது.

அப்படியானால் அந்த எஜமானி என்னத்தைப் பார்க்கிறாள்? நம் குருவியைக் கொண்டே இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் சுஹெல் குவாடர் என்ற இந்திய ஆராய்ச்சியாளர். 2005, 2006ஆம் ஆண்டுகளில் வெளியான அவருடைய கட்டுரைகள், இரண்டாயிரம் வருஷமாகக் கூட்டின் அழகில் மயங்கிய நம் அனைவருக்கும் சிறிது ஏமாற்றம் தரக்கூடியவை. பெண் குருவி எந்தக் கூட்டை ஏற்கிறது, எதைத் தள்ளுகிறது என்று பார்த்து, ஏற்கப்பட்டவற்றையும் தள்ளப்பட்டவற்றையும் அளந்து ஒப்பிட்டபோது, கூட்டின் உருவ அமைப்பைவிட அது தொங்கும் இடமே தீர்ப்பில் பெரும்பங்கு வகித்தது. உயரத்தில் தொங்கிய கூடுகள் விரும்பப்பட்டன. தடித்த கிளையில் கட்டியவை விரும்பப்பட்டன. வேலைப்பாட்டில் அவள் மதித்தது நாரின் மென்மையை: மெல்லிய நாரால் பின்னியவற்றுக்கு மதிப்புக் கூடுதல். இத்தகைய தேர்வு வெறும் ருசியன்று. இடத்தைப் பார்த்துத் தேர்ந்ததால் கூடு தப்பிப் பிழைப்பதில் பெண்ணுக்குக் கிடைத்த லாபம் கண்கூடாக இருந்தது, உருவத்தைப் பார்த்துத் தேர்ந்ததில் அவ்வளவு இல்லை. காக்கை, ஓணான், பாம்பு இவற்றின் வாயிலிருந்து முட்டையைக் காப்பாற்றுவதில் எட்டாத உயரமும் எளிதில் முறியாத பிடிப்பும் முதலிடம் பெறுவது நியாயந்தானே. உள்ளே நுழைந்து நாரை இழுத்துப் பார்ப்பதாகச் சொன்னோமே, அந்தச் சோதனைக்கு முன்பே, எந்தக் கிளையில் இறங்குவது என்பதில் பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

ஒன்று மட்டும் இங்கே யோசிக்கத் தகுந்தது. மெல்லிய நாரைக் கிழிப்பது நேரம் பிடிக்கும் வேலை; அதே சுவரை எழுப்ப அதிகத் தடவை போய்வரவேண்டும். நல்ல இடத்துக்குப் போட்டியும் அதிகம். எனவே இடத்தையும் நாரையும் பார்க்கிற பெண், இடத்தைப் பிடிக்க வல்லவனும் பொறுமையாக உழைக்கக்கூடியவனுமான ஆணையே மறைமுகமாகத் தேர்ந்துகொள்கிறாள் என்று வாதிக்க இடமுண்டு. ஆனால் கூடே அவளுக்கு நேரடியாகப் பயன்படும்போது, கூட்டின் வழியாகக் கட்டியவனைப் பார்க்கிறாளா, கூட்டை மட்டுமே பார்க்கிறாளா என்று பிரித்தறிவது எளிதன்று. அதற்குக் கூட்டையும் ஆணையும் மாற்றி வைத்துப் பரீட்சிக்கும் உபாயம் வேண்டும்.

இடமே பிரதானம் என்றால், இடம் மாறும்போது என்ன நேருகிறது என்பதையும் கேட்கவேண்டும். காஞ்சிபுரத்தைச் சுற்றிலும் மனைப்பிரிவுகளுக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் சாலைகளை அகலப்படுத்துவதற்காகவும் பனைகள் வெட்டுண்டு போனதைக் கண்ணுள்ளவர் எல்லாரும் அறிவர். பாசனக் கிணறுகளின் மேல் சாய்ந்து, நீருக்கு நேரே கூடுகளைத் தாங்கி நின்ற ஈச்சையும் வேலமும் கிணற்றோடு கூடத் தூர்ந்துபோயின. இம்மாவட்டத்துக்குத் தெற்கே திண்டிவனம் வட்டாரத்து வயல்வெளிகளில் இக்குருவிகள் கூடு கட்டும் வழக்கத்தை ஆராய்ந்து எம். பாண்டியன் 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மறு ஆண்டில் அவரே, கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் புதுச்சேரியிலும் மின்சாரக் கம்பிகளில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருப்பதை எழுதினார். ஓலை நுனிக்குப் பதிலாகக் கம்பி. கம்பிக்குக் கீழே நெல்லோ கரும்போ. கம்பியில் நாரைச் சுற்றிக் கொத்தாக்கி வளையம் போடுவது ஆணுக்குக் கஷ்டமாக இல்லை என்பது இதனால் தெளிவாகிறது.

உயரம் கம்பியில் இருக்கிறது. தடித்த கிளை என்று சொல்லக்கூடியது அங்கே இல்லை. ஓணானும் பாம்பும் ஏறிவரும் வழி குறைவு, காக்கைக்கு உட்கார இடம் தாராளம், காற்றுக்குத் தடையே கிடையாது. மரத்தில் இருந்த பெண்ணின் அளவுகோல் கம்பியில் அப்படியே செல்லுபடியாகிறதா, ஒரே வயலின் ஒரு கரையில் பனையும் மறு கரையில் கம்பியுமாக இருந்தால் எந்தக் கரையில் பாதிக்கூடுகள் அதிகம் நின்றுபோகின்றன, கம்பிக்கூட்டில் மண் கூடுதலாகப் பூசப்படுகிறதா என்பவை ஆடி மாதத்தில் ஒரு தூரநோக்கியும் குறிப்பேடும் வைத்துக்கொண்டு, ஏற்கப்பட்ட கூடுகளையும் நிராகரிக்கப்பட்டவற்றையும் மரத்துக்கு மரம், கம்பிக்குக் கம்பி எண்ணிவரக்கூடிய எந்தக் கல்லூரி மாணவரும் தொடங்கக்கூடிய ஆராய்ச்சிகள். குழல்வாயில் முடிந்த கூடு பெண் ஏற்றது. தலைச்சீரா உருவத்தில் நிற்பது இன்னும் ஏற்காதது. மரத்தடியில் நின்றே இரண்டையும் பிரித்துவிடலாம், ஏற வேண்டியதில்லை.